பல்கனியில் இரண்டு சீட்

எனக்கு ரயில்வே ஸ்டேசனில் வேலை. கிழக்கு லண்டனில் ஒரு சின்ன ஸ்டேசன், அதற்கு நான்தான் சூப்பர்வைசர். ஒலிவாங்கியைப் பிடித்து "மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள்" என்று ஒரு தடவை சொன்னால் பிளாட்பாரம் முழுவதும் பின்னால் நகரும். சூட் போட்டவர்கள், குடித்துவிட்டு வந்தவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லோரும் நகர்வார்கள். வீட்டிலும் அதே குரல்தான். என் மனுசன் கலியாணம் கட்டின நாளிலிருந்தே நகரப் பழகிவிட்டார். என் குரலுக்கு அசையாத ஒரே ஆள் என் தம்பி. நான் தலையால் தண்ணி குடித்தாலும் அவன் தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றுதான் நிற்பான்.

எனக்கும் அவனுக்கும் பதினான்கு வயது வித்தியாசம். நான் இருபது வயதில் லண்டனுக்கு வந்தவள், அவன் ஆறு வயதில் வந்தவன். அம்மா நேரத்தோடு கண்ணை மூடிவிட்டதால் அவனுக்குத் தலை சீவி இழுத்ததும் ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டதும் நான்தான். பிறகு நான் கலியாணம் கட்டி வால்தம்ஸ்டோவுக்குப் போக, சொந்த வானில் தமிழ்க் கடைகளுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த அப்பாவும் அவனும் எட்மண்டன் வீட்டில் தனியாக இருந்தார்கள். இரண்டு ஆம்பிளைகள், ஒரு ரைஸ் குக்கர். சண்டையும் இல்லை, பெரிய பேச்சும் இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாசியில் அப்பா காலமானார். தம்பிதான் கொள்ளி வைத்தான். கொள்ளி என்று நாங்கள் இன்னும் சொல்கிறோமே தவிர, லண்டனில் அது மயானத்தில் ஒரு பொத்தானை அமத்துவதுதான். ஐயர் கண்ணைக் காட்ட, அவன் அமத்தினான். பெட்டி உள்ளே போனது. திரை மூடியது. அவன் விரலை எடுக்காமல் அப்படியே நின்றான். மயானத்து ஊழியர் வந்து மெல்ல அவன் கையைப் பிடித்து எடுத்துவிட்டார்.

கொள்ளி வைத்தவனுக்கு ஆட்டைத்திவசம் என்கிற முதல் வருடத் திதி வரைக்கும் ஒரு வருடம் கட்டுப்பாடு உண்டு. கலியாண வீடு இல்லை, கோயில் திருவிழா இல்லை, தீபாவளிக்குப் புது உடுப்பு இல்லை, பாட்டுக் கச்சேரி இல்லை. இதெல்லாம் எங்கள் சனம் தங்களுக்கு வசதியான அளவுக்குத்தான் பிடிப்பது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் சத்தம் போடாமல் கலியாணப் பந்தியில் போய் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் தம்பி எழுத்துப் பிசகாமல் பிடித்தான். தீபாவளிக்கு என் வீட்டுக்கே வரவில்லை. காரில் ரேடியோ போடுவதை நிறுத்திவிட்டான். சின்ன வயதிலிருந்து காதில் ஏதாவது ஒன்றை மாட்டிக்கொண்டே திரிந்தவன், அந்தப் பெரிய ஹெட்போனைக் கழற்றி அப்பாவின் அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டான். அப்பாவைப் பற்றி வாய் திறப்பதும் இல்லை. நான் ஏதாவது தொடங்கினால், "ஓம் அக்கா" என்று சொல்லிவிட்டு எழும்பித் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போடுவான்.

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அதை நேராகவே சொல்கிறேன். முப்பத்தெட்டு வயது, கலியாணம் இல்லை, வெறும் வீட்டில் வேலை விட்டு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான். எங்கள் சனத்தில் இப்படி மெல்ல மெல்ல உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட ஆம்பிளைகளை நான் கண்டிருக்கிறேன். வெளியே வந்த ஆட்கள் குறைவு. தம்பி அந்தக் கணக்கில் போய்விடக்கூடாது என்பதுதான் என் ஒரே எண்ணம்.

அப்போதுதான் அந்தக் கச்சேரி நினைவுக்கு வந்தது. அப்பா நோயில் விழுவதற்கு முன்பே, தை மாதத்தில், தம்பி இரண்டு டிக்கெட் எடுத்திருந்தான். கார்த்திகையில் நடக்கப்போவதற்குத் தையிலேயே காசு கட்டுகிற அளவுக்கு அவனுக்கு அந்தப் பாடகரில் பைத்தியம்.

பாடகர் ஒரு யூதர். தாடி, மூக்குக் கண்ணாடி, தலையில் சின்னத் தொப்பி. சேர்ட்டுக்குக் கீழே வெள்ளை நூல்கள் தொங்கும். லண்டனில் பிறந்து வளர்ந்தவர். பாடுவது ரெகே. நடுவில் ஹிப்-ஹாப் மாதிரி மூச்சு விடாமல் சொற்களைக் கொட்டுவார். தம்பி முதன்முதல் காரில் போட்டுக் காட்டியபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "என்னடா இது, பூசைக்கு வந்த ஐயர் சவுண்ட் சிஸ்டத்தைக் கண்டு மனம் மாறினது மாதிரி இருக்கு" என்றேன். ஆனால் நான் ரெகே தெரியாதவள் இல்லை. லண்டனுக்கு வந்த புதிதில் எட்மண்டனில் ஒரு பிஸ்கட் பக்கிங் தொழிற்சாலையில் வேலை செய்தேன். அங்கே மேற்பார்வைக்கு இருந்த ஜமேக்கா அம்மா நாள் முழுக்க ரெகேதான் போடுவார். பிஸ்கட் பெட்டி மடிக்கிற கை அந்தத் தாளத்தில் தானாக ஓடும். ஆகவே இரண்டாவது பாட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த மனுசனுக்கு விசயம் தெரியும்.

இரண்டு டிக்கெட் என்றால் ஒன்று அவனுக்கு, மற்றது எனக்கு. வேறு யாருக்கு? அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரு குறைதான் இருந்தது. அவன் எடுத்தது பல்கனியில், இருந்து பார்க்கிற சீட். கீழே எல்லோரும் நின்று ஆடுவார்கள்.

"ரெகே கச்சேரிக்கு ஆராவது சீட் எடுப்பாங்களோ?" என்று அப்போதே கேட்டேன். "எனக்கு என்ன கால் இல்லையோ? வேலையில நாள் முழுக்க நிக்கிறவள் நான்."

"இருந்து கேக்க நல்லா இருக்கும் அக்கா" என்றான்.

ஐப்பசி முடிகிறபோது நான் கதையைத் தொடங்கினேன். எட்மண்டன் வீட்டுக் குசினியில் அவனுக்குப் புட்டு அவித்துக்கொண்டே, "வாற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு கச்சேரி. நீ வாறாய்" என்றேன்.

"ஏலாது அக்கா. ஆட்டைத்திவசம் முடியட்டும்."

"இது கச்சேரி இல்லையடா. அந்த மனுசன் பாடுறது முழுக்க அவங்கட வேதத்தில இருக்கிற தோத்திரம் எண்டு நீதானே சொன்னனீ. எங்கட தேவாரம் மாதிரி. செத்த வீட்டிலயே தேவாரம் பாடுறம். தேவாரத்துக்குத் துடக்கு, தீட்டு ஒண்டும் இல்லை."

அவன் புட்டுக்குச் சீனி போட்டுக்கொண்டே சொன்னான்: "தேவாரத்துக்கு ஒருத்தரும் எழும்பிக் குதிக்கிறேல்ல அக்கா."

நான் விடுகிற ஆள் இல்லை. "அப்ப நான் மட்டும் போகலாமோ? எனக்கும் அவர் அப்பாதானே?"

"நீங்கள் கட்டிக் குடுத்த பிள்ளை. உங்களுக்குத் துடக்குக் குறைவு. நீங்கள் போகலாம்."

இந்த ஒரு கதைதான் எனக்குக் கொதிப்பை ஏற்றுவது. நோய் வருத்தம் பார்க்கிற நேரம் வேலையும் வீடுமாக ஓடி ஓடி அப்பாவுக்கு முகம் துடைத்தவள் நான், கஞ்சி பருக்கினவள் நான். செத்ததும் நான் வேறு வீட்டுப் பெண். துடக்கும் குறைவு, துக்கமும் குறைவு என்று யாரோ ஒரு மீசைக்காரன் எந்தக் காலத்திலோ எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டான். மாமி ஒருத்தி செத்தவீட்டிலேயே என்னிடம், "உனக்கென்ன பிள்ளை, நீ மூண்டு நாளில தலை முழுகலாம்" என்று ஆறுதல் சொன்னா. நான் திருப்பிச் சொன்னதை இங்கே எழுத ஏலாது.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். அவன் என்னைக் காரில் கூட்டிக்கொண்டு போவான். உள்ளே வரமாட்டான். முடியும் வரைக்கும் வெளியே நிற்பான். சரி என்று நான் உடனே தலையாட்டினேன். என் கணக்கு வேறு. வாசல் வரைக்கும் வந்தவன் அந்தத் தாளம் காதில் விழுந்தால் தானாக உள்ளே வருவான். குளத்தங்கரைக்குக் கொண்டுபோன மாடு தண்ணி குடிக்காமலா வரும்?

ஒரு பழைய சினிமாக் கொட்டகையைத் திருத்தி மண்டபமாக்கியிருந்தார்கள். ஞாயிறு பின்னேரம், மழை தூறிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற சனத்தைப் பார்க்கவே கச்சேரிக் காசு சரி. கறுப்புத் தொப்பி வைத்த யூதப் பெடியன்கள், இடுப்பு வரை சடை விட்ட கரிபியன் அப்பாக்கள், பிள்ளைகளைத் தோளில் தூக்கிய தாய்மார், வாசலில் நின்று மீன் பஜ்ஜி மாதிரி ஏதோ ஒன்றைத் தின்றுகொண்டிருந்த கிழவர்கள். அந்த வரிசையில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழர். யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

டிக்கெட் பார்க்கிற இடம் வரைக்கும் தம்பி வந்தான். கையில் முத்திரை குத்திக்கொள்ளவும் சம்மதித்தான். என் மனதுக்குள் ஒரு துள்ளல். அதைத் தாண்டி ஒரு பெரிய முன்கூடம். ஒரு பக்கம் சேர்ட் விற்கிற மேசை. எதிரே மண்டபத்துக்குள் போகிற இரட்டைக் கதவு. பக்கத்தில் பல்கனிக்குப் போகிற படியும் லிப்டும். கதவு திறந்து மூடும்போதெல்லாம் உள்ளே ஒத்திகை பார்க்கிற பேஸ் கிட்டார் நெஞ்சில் வந்து முட்டியது. நான் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். அவன் சேர்ட் மேசைக்குப் பக்கத்தில் போய்ச் சுவரோடு சாய்ந்து நின்றான்.

"நான் இதிலயே நிக்கிறன். நீங்கள் போங்கோ அக்கா."

சேர்ட் மேசைக்குப் பின்னால் என் வயதுள்ள ஒரு யூதர் இருந்தார். பெரிய கைகள், நரைத்த தாடி, பல மாதமாக வெட்டாத முடி. அவர் தம்பியைப் பார்த்து, உள்ளே போகவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்றான் தம்பி. "நானும்தான்" என்று சொல்லிவிட்டு, மேசைக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த ஒரு கதிரையை எடுத்து விரித்துப் போட்டார். தம்பி இருந்துவிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிற்க வைத்தால் கால் உளைந்து உள்ளே வருவான் என்று பார்த்தால், இந்த மனுசன் கதிரை போடுகிறார்.

பல்கனிக்குப் போனேன். லிப்டை விட்டு இறங்கினால் ஒரு படிகூட ஏறத் தேவையில்லை, அவ்வளவு கிட்ட. வரிசையின் கரைச் சீட்டும் அதற்கு அடுத்த சீட்டும் எங்களுடையவை. கரையில் கால் நீட்ட இடம் இருந்ததால் நான் அதில் இருந்துகொண்டேன். மற்றதில் என் கோட்டைக் கழற்றிப் போட்டேன். பஸ்ஸில் ஜன்னலுக்குள்ளால் கைலேஞ்சியை எறிந்து சீட் பிடித்த சனம் நாங்கள், அந்தப் பழக்கம் எங்கே போகும்? கொஞ்ச நேரத்தில் ஒரு நெட்டைப் பெடியன் வந்து கோட்டைக் காட்டி, யாராவது இருக்கிறார்களா என்று கேட்டான்.

"ஆள் இருக்கு" என்று என் ஸ்டேசன் குரலில் ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் நகர்ந்துவிட்டான்.

விளக்கு அணைந்தது. மேடைக்கு வந்தவரைப் பார்த்து நான் ஏமாந்துதான் போனேன். காரில் கேட்ட குரலுக்கு நான் ஒரு பெரிய ஆளை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் கட்டையானவர், தொந்தி வேறு. வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர் மாதிரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணை மூடினார். பேஸ் கிட்டார் ஒன்று, பிறகு டிரம். அதற்குப் பிறகு நான் அவருடைய தொந்தியை மறந்துவிட்டேன்.

சீட்டுக்குப் பின்னாலிருந்த சுவரில் சாய்ந்தபோது அது நடுங்குவது தெரிந்தது. முதல் பாட்டு மெதுவாக, நடைக்கு நடை இடைவெளி விட்டுப் போனது. அந்த இடைவெளிதான் ரெகேயின் உயிர் என்று பக்கிங் தொழிற்சாலை அம்மா சொல்லுவா. அடிக்கிற இடத்தில் அடிக்காமல், அடுத்த இடத்தில் அடிப்பது. இவர் அந்த இடைவெளிக்குள் திடீரென்று சொற்களைக் கொட்டத் தொடங்கினார். ஆங்கிலம், நடுவில் ஹீப்ரு, திரும்ப ஆங்கிலம். பஸ் கிடைக்காமல் போனது, பிள்ளைகளுக்கு ஸ்கூல் தேடினது, கடவுளோடு சண்டை பிடித்தது எல்லாம் ஒரே மூச்சில் வந்தன. பாதிதான் எனக்கு விளங்கியது. ஆனால் ஒரு மனுசன் தான் சொல்வதைத் தானே நம்பிச் சொன்னால், அது எந்த மொழியிலும் தெரியும். கீழே கறுப்புத் தொப்பிகளும் சடைகளும் ஒன்றாக எழும்பி ஒன்றாக விழுந்தன.

நடுவில் ஒரு பாட்டு, சொல்லே இல்லாதது. வெறும் "லை லை" என்று ஒரு மெட்டு. அதை அவர் ஒரு தடவை பாட, சனம் எடுத்துக்கொண்டது. அவர் ஒலிவாங்கியைக் கீழே இறக்கிவிட்டார். சனம் நிறுத்தவில்லை. என் வாயும் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது. கவலையாகத் தொடங்கின மெட்டு, சுற்றிச் சுற்றி வந்து எந்த இடத்தில் சந்தோசமாக மாறியது என்று எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் கோட்டு மட்டும் கிடந்தது. இதைக் கேட்காமல் அந்த மடையன் வெளியே கதிரையில் இருக்கிறானே.

அந்தப் பாட்டு முடிந்ததும் பாடகர் தண்ணி குடித்துவிட்டுப் பேசினார். இன்று டிரம் அடிப்பவர் புதியவர், கை தட்டுங்கள் என்றார். தட்டினோம். பிறகு சொன்னார்: எங்கள் பழைய டிரம்மர் வெளியே சேர்ட் விற்றுக்கொண்டிருக்கிறார். அவருடைய அம்மா இறந்து இன்னும் வருடம் திரும்பவில்லை. எங்கள் வழக்கப்படி தாய் தகப்பனுக்குத் துக்கம் காக்கிறவர் ஒரு வருடத்துக்குக் கச்சேரி கேட்கக்கூடாது. ஆகவே போகும்போது ஆளுக்கொரு சேர்ட் வாங்குங்கள். நாங்கள் நன்றாக வாசித்தோம் என்று மட்டும் சொல்லாதீர்கள், அவருக்குப் பொறாமை வரும்.

சனம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உலகத்தில் வேறு ஒருத்தருக்கும் இல்லாத கட்டுப்பாடு என்று நான் நினைத்திருந்தேன். அதே கட்டுப்பாட்டில் இருக்கிற இன்னொரு மனுசனைத் தேடிப் பிடித்து, அவர் பக்கத்திலேயே என் தம்பியைக் கொண்டுவந்து இருத்தியிருக்கிறேன். சாண் ஏற முழம் சறுக்கின கதை. துக்கத்திலிருந்து இழுத்து எடுக்கவென்று கூட்டி வந்தவனுக்கு நானே ஒரு கூட்டாளி பிடித்துக் கொடுத்துவிட்டேன். இனி அவனை அசைக்க ஏலாது.

முடிய இன்னும் கொஞ்சப் பாட்டு இருந்தது. போய் இழுத்து வருவது என்று எழும்பினேன். கோட்டை அப்படியே சீட்டில் விட்டுவிட்டு, லிப்டுக்கு நிற்காமல் படியால் இறங்கினேன். என்ன சொல்லுவது என்றும் ஆயத்தம் செய்துகொண்டேன். கடைசித் திருப்பத்தில் தம்பியின் குரல் கேட்டது. நின்றுவிட்டேன்.

அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

முன்கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. மேசைக்குப் பின்னால் இரண்டு பேரும் முழங்கால் முட்ட இருந்தார்கள். டிரம்மரின் கை, உள்ளே கேட்கிற அடிக்கு ஏற்ப மேசையில் தட்டிக்கொண்டிருந்தது. "பிந்துகிறான், பார், மறுபடியும் பிந்துகிறான்" என்று புது டிரம்மரைத் திட்டினார். பிறகு, "சரி, மேலே சொல்லு. வானை நிறுத்திவிட்டு உள்ளே இருந்து உன் அப்பா என்ன செய்வார்?" என்றார்.

பேசினது ஆங்கிலத்தில். அப்பா என்ற சொல்லை மட்டும் தம்பி அப்பா என்றே சொன்னான்.

"ஒன்றும் செய்யமாட்டார். தேத்தண்ணி குடிப்பார்" என்றான் தம்பி. "அப்போது எனக்குப் பதினைந்து வயது. கச்சேரிக்குப் போகவேண்டும் என்றேன். அப்பாவுக்கு இரவு பஸ்ஸில் நம்பிக்கை இல்லை. அக்காவுக்குச் சொன்னால் கத்துவா. ஆகவே கடைக்குச் சாமான் எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, கருவாடு ஏற்றுகிற வானில் கூட்டிக்கொண்டு போவார். நான் கருவாட்டு மணத்தோடு உள்ளே போவேன். அவர் பின்கதவுக்குக் கிட்ட வானை நிறுத்திவிட்டு, பிளாஸ்கோடு வெளியே இருப்பார். எத்தனையோ வருடம் அப்படி. ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. வெளியே வந்ததும் ஒரே கேள்விதான் கேட்பார். நல்ல சனமோ?"

அந்தக் கடைசி இரண்டு சொல்லையும் தமிழில், அப்பாவின் குரலிலேயே சொன்னான். பிறகு, நிறையக் கூட்டமோ என்பதுதான் அது என்று ஆங்கிலத்தில் விளக்கினான். டிரம்மர் தலையாட்டினார்.

"பாட்டைப் பற்றிக் கேட்கமாட்டாரா?"

"அவருக்கு முழுவதும் தெரியும். வானின் தகடு நடுங்குமே, அதிலேயே கேட்டுவிடுவார். ஒரு நாள், மேளம் அடிச்சவன் ஆர், நல்ல கை என்றார். நான் திகைத்துப் போனேன்."

நான் படியில் இருந்துவிட்டேன். எனக்கு இது ஒன்றும் தெரியாது. பக்கிங் தொழிற்சாலைப் பெட்டைகள் சனிக்கிழமை ஆடப் போகக் கூப்பிட்டபோது, "பொம்பிளைப் பிள்ளைக்கு உதென்ன பழக்கம்" என்று கதவைச் சாத்தின அப்பாதான் எனக்குத் தெரிந்த அப்பா. இவனுக்கு மட்டும் கருவாட்டு வானில் காவல் இருந்திருக்கிறார். பொறாமை வந்தது. ஐம்பத்திரண்டு வயதில், செத்துப்போன மனுசனுக்காகத் தம்பியோடு பொறாமை. அதே நேரம் எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது. மாசிக்குப் பிறகு தம்பி அப்பாவைப் பற்றிப் பேசி நான் கேட்பது இதுதான் முதல் தடவை. நாங்கள் எல்லோரும் அவனிடம் என்ன வருத்தம், எந்த ஆஸ்பத்திரி, எந்த ஐயர் என்றுதான் கேட்டோம். எப்படிப்பட்ட மனுசன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எங்களுக்குத்தான் தெரியுமே என்று இருந்துவிட்டோம்.

டிரம்மர் தன் கதையைச் சொன்னார். டிரம் தனக்குத் தொழில், ஆகவே வாசிக்கலாம் என்று அவருடைய ரபாய், அவர்கள் மதத்து ஐயர், அனுமதி கொடுத்துவிட்டாராம். "அனுமதி கிடைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது, எனக்கு அது வேண்டாம் என்று" என்றார். "இந்த ஒரு வருடத்தை என்னிடமிருந்து யாரும் பறிக்கத் தேவையில்லை." பிறகு மேசையில் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இந்தக் கச்சேரிக்கு டிக்கெட் வைத்திருக்கிறாய் என்றாயே?"

"இரண்டு எடுத்தேன்" என்றான் தம்பி. "அப்பாவுக்குக் கால் ஏலாமல் வந்துவிட்டது. வானையும் விற்றுவிட்டார். ஒரு தடவையாவது உள்ளே கொண்டுபோய் இருத்தவேண்டும் என்று பல்கனியில், லிப்டுக்குக் கிட்ட, கால் நீட்டக் கரைச் சீட்டாகப் பார்த்து எடுத்தேன். முதலில் வேண்டாம் என்றார். பிறகு, என்ன உடுப்புப் போடவேண்டும் என்று கேட்டார்."

டிரம்மர் மேசையில் கிடந்த சேர்ட் ஒன்றை மடித்து வைத்தார். "அப்படியென்றால் உன் அக்கா?"

"அவவுக்குத் தெரியாது. சொல்லமாட்டேன்."

நான் எழும்பி வெளியே வந்தேன். தம்பி திடுக்கிட்டு எழும்பினான்.

"ஏனடா எனக்குச் சொல்லேல்ல?"

"நீங்கள் உங்களுக்கு எண்டு நினைச்சுச் சந்தோசப்பட்டனீங்கள் அக்கா. பிறகு எப்பிடிச் சொல்லுறது?"

பல்கனியைப் பற்றி நான் அடித்த நக்கல் எல்லாம் திரும்பி வந்து காதில் விழுந்தது. உள்ளே வாடா என்று சொல்லத்தான் வந்தேன். ஆனால் இவன் இருக்கிற இடம் எது என்று இப்போது தெரிந்த பிறகு எப்படிக் கூப்பிடுவது? கதவுக்கு வெளியே, சுவர் நடுக்கத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டு, அப்பா இருந்த இடத்தில் இவன் இருக்கிறான். மண்டபத்துக்குள் இழுத்துப்போனால் நான் இவனை அங்கேயிருந்து எழுப்பித்தான் கொண்டுபோகவேண்டும்.

"கரைச் சீட்தானே அப்பாவுக்கு?" என்று கேட்டேன்.

"ஓம். நீங்கள் போங்கோ அக்கா, இன்னும் முடியேல்ல. ஒருத்தராவது உள்ளுக்கு இருக்கோணும்."

டிரம்மர் எழும்பி எனக்காக லிப்டின் பொத்தானை அமத்தினார். பெரிய விரல். அமத்திவிட்டு உடனே எடுத்துவிட்டார்.

மேலே போனபோது கோட்டு கிடந்தபடி கிடந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தம்பியின் சீட்டில் இருந்தேன். கரைச் சீட்டை விட்டுவிட்டேன். கடைசிப் பாட்டுக்கு எல்லோரையும் எழும்பச் சொன்னார். பல்கனி முழுவதும் எழும்பியது. நான் எழும்பவில்லை. பக்கத்தில் கால் ஏலாத மனுசன் இருக்கிறபோது நான் மட்டும் எழும்பி ஆடுவதா? இருந்துகொண்டே கை தட்டினேன், தொழிற்சாலையில் பழகின மாதிரி, அடிக்கிற இடத்தை விட்டு அடுத்த இடத்தில். கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. நான் துடைக்கவில்லை. துடக்குக் குறைந்தவளுக்கு அழுகையும் குறைவு என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லையே.

சனம் கலைந்து கீழே வந்தபோது சேர்ட் மேசையைச் சுற்றி நெரிசல். பாடகர் சொன்னது வேலை செய்திருந்தது. தம்பி உள்ளே புகுந்து, டிரம்மருக்குப் பக்கத்தில் நின்று சேர்ட் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். முடித்துவிட்டு வந்தான். டிரம்மர் அவனைக் கட்டிப்பிடித்தார். எனக்குக் கை காட்டினார்.

மழை விட்டிருந்தது. காரில் ஏறி, பெல்ட்டை மாட்டி, சாவித் துவாரத்தில் திறப்பைப் போட்டவன், வண்டியை எடுக்காமல் என் பக்கம் திரும்பினான்.

"நல்ல சனமோ?" என்றான்.

"ஓம், சரியான சனம்" என்றேன். "அப்பாவின்ர சீட்டுக்கு ஒரு நெட்டையன் திரும்பவும் வந்தவன். ஆள் இருக்கு எண்டு சொல்லிப்போட்டன்."